பேக்பேக் மாட்டிக்கொண்டு மெல்போர்ன், பிரிஸ்பேன், சிட்னி: குறைந்த செலவில் சுற்றுவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் விலைவாசி அதிகம்தான். ஒரு காபிக்கு ஐந்து டாலருக்கு மேல் கேட்பார்கள். அதை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் குடிக்கவே மனம் வராது. ஆனாலும் காசு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கரைவதில்லை. ராத்தங்கல், ஊர்விட்டு ஊர் போவது, வெளிச்சாப்பாடு ஆகிய மூன்றும்தான் பையைக் காலி செய்யும். கடற்கரை, பூங்கா, அருங்காட்சியகம், நூலகம் எல்லாம் பெரும்பாலும் இலவசம். காபியைத் தியாகம் செய்வதைவிட, பட்டியலில் ஓர் ஊரைக் குறைத்தால் மிச்சமாகும் பணம் பல மடங்கு. முதல்முறை போகிறவர்கள் திட்டத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் 600 என்ற எண் கொண்ட விசிட்டர் விசா. ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஏஜென்ட் தேவையில்லை. கட்டணம் 200 டாலர் வாக்கில். விசா மறுக்கப்பட்டால் திரும்ப வராது. அதனால் விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஆஸ்திரேலிய அரசின் செயலியில் 20 டாலர் கட்டி மின்னணுப் பயண அனுமதி வாங்கிக்கொள்ளலாம்.

விசிட்டர் விசாவில் போய் வேலை பார்க்கக் கூடாது. வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற ஆசையா? 18 முதல் 30 வயதுக்குள் இருந்தால் 462 விசா இருக்கிறது. 2024 முதல் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடம். குலுக்கலில் பெயர் வர வேண்டும்.

படி 2: பாதையைப் போடுங்கள்

இரண்டு வாரத்துக்கு மூன்று ஊர் போதும். பெர்த் போக வேண்டும் என்று நண்பர்கள் சொல்வார்கள். சிட்னியிலிருந்து அது ஐந்து மணி நேர விமானம். இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

நான் சொல்லும் பாதை இது: மெல்போர்னில் இறங்குங்கள், பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறுங்கள், அங்கிருந்து தரைவழியாக சிட்னி வந்து ஊருக்குக் கிளம்புங்கள். சென்னை, திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாகப் போகும் மலிவு விமானங்கள் மெல்போர்ன், சிட்னி இரண்டுக்கும் பறக்கின்றன. ஓர் ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறினால் வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம்.

பிரிஸ்பேன்–சிட்னி சுமார் 900 கிலோமீட்டர். ரயிலில் 14 மணி நேரம், பகல் பயணம். இரவுப் பேருந்தில் போனால் இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம், ஆனால் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சம். முதுகு தாங்கும் என்றால் பேருந்து.

உள்நாட்டு விமானத்தில் ஜெட்ஸ்டார் கையில் கொண்டுபோக 7 கிலோதான் அனுமதிக்கிறது. விமானம் ஏறும் வாசலிலேயே தராசு வைத்திருப்பார்கள். 40 லிட்டர் பையைத் தாண்டாதீர்கள். குளிருக்குக் கனமான ஜாக்கெட்டை இங்கிருந்து சுமக்க வேண்டாம். வின்னீஸ், சால்வோஸ் போன்ற தொண்டு நிறுவனக் கடைகளில் பழைய ஜாக்கெட் நல்ல நிலையில் மலிவாகக் கிடைக்கும்.

படி 3: படுக்கை

ஹாஸ்டலில், டார்ம் எனப்படும் பலர் சேர்ந்து தங்கும் அறையில், ஒரு கட்டிலுக்கு இரவு ஒன்றுக்கு 35 முதல் 60 டாலர் வரை ஆகும். ஜனவரியில் டென்னிஸ் போட்டி நடக்கும்போது மெல்போர்னிலும், புத்தாண்டையொட்டி சிட்னியிலும் இந்தக் கணக்கே செல்லாது. அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மலிவான கட்டிலைத் தேடுவதைவிட, நல்ல சமையலறை உள்ள ஹாஸ்டலைத் தேடுங்கள். விருந்தினர் மதிப்புரைகளில் அடுப்பு எத்தனை, பாத்திரம் இருக்கிறதா, ஃபிரிட்ஜில் இடம் கிடைக்குமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். லாக்கருக்குச் சொந்தப் பூட்டு ஒன்று, காதடைப்பான் ஒன்று, ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. இவற்றை மறக்க வேண்டாம்.

படி 4: சாப்பாடு

விமானத்தில் தரும் பயணி அட்டையில் உணவுப்பொருள் பற்றிய கேள்வி வரும். பொடியோ ஊறுகாயோ எது இருந்தாலும் "ஆம்" என்று குறித்துவிடுங்கள். அறிவித்த பொருளை அதிகபட்சம் எடுத்துப் போடுவார்கள். மறைத்தால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகும். கறிவேப்பிலை, நெய், பால் இனிப்பெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

அங்கே போய் ஆல்டி, கோல்ஸ், வூல்வொர்த்ஸ் கடைகளில் அரிசி, பருப்பு, முட்டை, ரொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். விலைச்சீட்டில் சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு என்ன விலை என்று போட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்குங்கள். சாயங்காலத்துக்கு மேல் காலாவதி நெருங்கிய பொருள்மீது விலைகுறைப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் வைக்கும் பையில் உங்கள் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போய்விடும். பெரும்பாலான சமையலறைகளில் "இலவசம்" என்று ஒரு அலமாரி இருக்கும். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் பாதி எண்ணெய், உப்பு, பாஸ்தா, அரைக்கிலோ அரிசி என்று விட்டுப்போவார்கள். கடைக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். எண்ணெயும் உப்பும் நான் வாங்கியதே அபூர்வம்.

இன்னொரு வசதி, பூங்காக்களில் இருக்கும் பொது பார்பிக்யூ. செங்கல் மேடைமேல் ஒரு ஸ்டீல் தட்டு, பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் விளக்கு எரியும், சில நிமிடத்தில் தட்டு சூடாகும், கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். மறுபடி அழுத்த வேண்டியதுதான். காசு கிடையாது. அதில் மாட்டிறைச்சி, சாசேஜ் எல்லாம் சுட்டிருப்பார்கள் என்பதால் சைவக்காரர்கள் அலுமினியத் தாள் ஒன்றை விரித்துக்கொள்ளலாம். இந்தியக் கடையில் தோசை மாவு பாக்கெட் கிடைத்தால், இதைவிடப் பெரிய தோசைக்கல் உங்களுக்குக் கிடைக்காது. முடித்ததும் தட்டைத் துடைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். அடுத்த குடும்பம் பின்னால் காத்திருக்கும்.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் வாங்குவது வீண். டிப்ஸ் கொடுக்கும் கட்டாயமும் இல்லை. ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் பல ஓட்டல்களில் கூடுதல் கட்டணம் சேர்ப்பார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

படி 5: ஒவ்வோர் ஊரின் டிக்கெட் கணக்கு

*மெல்போர்ன்.* விமான நிலையத்தில் தனியார் பேருந்தைப் பார்த்து ஏறிவிடாதீர்கள். மைக்கி என்ற பயண அட்டையை வாங்கி 901 எண் பேருந்தில் பிராட்மெடோஸ் ஸ்டேஷன் போனால், அங்கிருந்து ரயிலில் நகரத்துக்குள் வந்துவிடலாம். நேரம் கூடுதல், செலவு சாதாரண நகரக் கட்டணம்தான். நகர மையத்தில் டிராம் இலவசம். அந்த எல்லைக்குள் மட்டும் போகிறீர்கள் என்றால் மைக்கியைத் தட்டவே கூடாது, தட்டினால் காசு போய்விடும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 2023 முதல் விக்டோரியா மாநிலம் முழுக்க அரசு ரயில், பேருந்துக் கட்டணத்துக்கு மெல்போர்ன் நகரத்தில் ஒரு நாளைக்குப் பிடிக்கும் அதிகபட்சத் தொகைதான் உச்சவரம்பு, அதாவது 11 டாலர் சொச்சம். கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில் சுற்றுலா போக நூறு டாலருக்கு மேல் கொடுக்கிறார்கள். நீங்கள் ரயிலில் ஜீலாங் போய், அங்கே வி-லைன் என்ற அரசுப் பேருந்துக்கு மாறினால் லோர்ன், அப்பல்லோ பே வரை அதே கடலோரச் சாலையில் இந்தக் காசுக்கே போகலாம். முதல்நாளே நேர அட்டவணை பார்த்து, திரும்பும் பேருந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் அங்கேயே அறை எடுக்க வேண்டியதுதான்.

விக்டோரியா மாநில நூலகத்தின் எண்கோண வாசிப்பு மண்டபத்தையும் பார்த்துவிடுங்கள், இலவசம். குயின் விக்டோரியா மார்க்கெட் திங்களும் புதனும் மூடியிருக்கும்.

*பிரிஸ்பேன்.* 2024 ஆகஸ்ட் முதல் குவீன்ஸ்லாந்து மாநில அரசுப் போக்குவரத்தில் ஒரு பயணத்துக்கு 50 சென்ட். ரயில், பேருந்து, ஆற்றுப் படகு எல்லாவற்றுக்கும் இதே கட்டணம். ரயிலில் ஹெலன்ஸ்வேல் போய் டிராம் மாறினால் கோல்ட் கோஸ்ட் கடற்கரைக்கும் அதே 50 சென்டில் போய் இறங்கலாம். சிட்டிஹாப்பர் என்ற சின்னப் படகுக்கு அதுவும் வேண்டாம். விமான நிலைய ரயில் மட்டும் இந்தச் சலுகையில் சேராது. சவுத் பேங்கில் ஆற்றோரமாக மணல் கொட்டிச் செயற்கைக் கடற்கரை கட்டியிருக்கிறார்கள். குளியலும் பார்பிக்யூவும் அங்கேயே ஆகிவிடும்.

*சிட்னி.* தனி அட்டை வேண்டாம், வங்கி அட்டையைத் தட்டினாலே போதும். வெள்ளி, சனி, ஞாயிறில் எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்கு 10 டாலர் பக்கத்தில் நின்றுவிடும். மற்ற நாட்களில் ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. அதனால் மேன்லி கடற்கரைக்குப் போகும் படகையும், ரயிலில் இரண்டு மணி நேரம் போகும் கட்டூம்பா என்ற மலையூரையும் வார இறுதிக்கு ஒதுக்குங்கள். கட்டூம்பா ஸ்டேஷனிலிருந்து த்ரீ சிஸ்டர்ஸ் பாறைகள் தெரியும் எக்கோ பாயின்ட்டுக்கு நடந்தே போகலாம். மற்ற நாளில் பொண்டை முதல் கூஜி வரை 6 கிலோமீட்டர் கடலோர நடை. கடலில் குளிப்பதானால், உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்; அலை இழுத்துக்கொண்டு போகும் கடல் அது.

வாரக்கடைசியில் நம்மூர்ச் சாப்பாடு தேடினால் சிட்னிக்குத் தெற்கே உள்ள ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில் கேன்டீனில் தோசை கிடைக்கும்.

கிளம்பும் நாளில் ஒரு கணக்கு பாக்கி. சிட்னி விமான நிலைய ரயில் நிலையங்களில் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் தனிக் கட்டணம், 17 டாலர் பக்கம். மேலே சொன்ன உச்சவரம்பு இதற்குப் பொருந்தாது. அந்த நிலையங்களுக்கு முன்னால் வரும் மாஸ்காட் ஸ்டேஷனில் இறங்கி 420 எண் பேருந்து பிடித்தால் அந்தத் தொகை மிச்சம். அதற்காகக் கூடுதலாக முக்கால் மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டலிலிருந்து கிளம்புங்கள்.