டேங்கில் மருந்து ஊற்றுவதற்கு முன்

திருவாரூர் பக்கம் எங்கள் தெருவில் ஒரு பெட்ரோல் கார். உரிமையாளர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வண்டி ஆறு மாதமாக போர்டிகோவிலேயே நின்றது. பொங்கலுக்கு வந்து ஸ்டார்ட் செய்தால் ஒரே மிஸ்ஸிங், இன்ஜின் விளக்கும் எரிகிறது. உதிரிபாகக் கடையில் சொன்னார்கள் என்று இன்ஜினுக்குள் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் மருந்தை, அதாவது இன்ஜெக்டர் கிளீனரை, டேங்கில் ஒரு பாட்டில் ஊற்றினார். கேட்கவில்லை. இன்னொரு பாட்டில். கடைசியில் மெக்கானிக் வந்து பானெட்டைத் தூக்கினால், பிளக்கில் பொறி வரவைக்கும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது. சுற்றிலும் சம்பா அறுப்பு. வயலில் இடம் போன எலி வேறு எங்கே போகும்?

இதுதான் முதல் தவறு: என்ன கோளாறு என்று பார்க்காமலே மருந்து ஊற்றுவது. இந்தப் பாட்டில்கள் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பாலிஈதர்அமீன் என்ற ரசாயனம் கலந்த கிளீனர், இன்ஜெக்டர் முனையில் படிந்த கரியை உண்மையிலேயே கரைக்கும். ஆனால் எரிபொருள் படுகிற இடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் காற்று உள்ளே நுழையும் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை. அங்கே சேர்ந்த கரியை டேங்கில் ஊற்றியது எப்படித் தொடும்? தேய்ந்த பிஸ்டன் ரிங், பழைய பிளக், சோர்ந்த பெட்ரோல் பம்ப் எதுவும் பாட்டிலுக்கு மசியாது. நீலப் புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பட்டறைதான்.

அடுத்தது மைலேஜ். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இந்தப் புலம்பல் அதிகம். எத்தனாலில் லிட்டருக்கு எரிசக்தி, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. கணக்குப் போட்டால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட லிட்டருக்கு ஆறேழு சதவீதம் போய்விடுகிறது. எந்த பாட்டிலும் அதைத் திருப்பித் தராது. ஆக்டேன் பூஸ்டரும் அப்படித்தான்: இன்ஜினில் 'டக்டக்' என்று தட்டும் நாக்கிங் இல்லை என்றால் அது வீண் செலவு.

டெல்டாவில் பெரிய வில்லன் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவே குளமாகி, டேங்குக்குள் தண்ணீர் போயிருந்தால் 'வாட்டர் ரிமூவர்' ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவற்றில் பல வெறும் ஆல்கஹால்தான். துளி ஈரத்துக்குச் சரி. தண்ணீர் அதிகமானால் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தனியாகத் தங்கிவிடும். டேங்கை வடிப்பதுதான் வழி. டீசல் வண்டி என்றால், பல மாடல்களில் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கீழே பிடித்து, இன்ஜின் நின்றிருக்கும்போது மெல்லத் தளர்த்திப் பாருங்கள். பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் மேலே டீசல், கீழே தண்ணீர், நடுவில் தெளிவாக ஒரு கோடு தெரியும்.

டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டால் இன்ஜின் சுத்தமாகும் என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய டிராக்டர் ஏதோ தாங்கியிருக்கலாம். இன்றைய டீசல் இன்ஜின்களில் அதிக அழுத்தத்தில் டீசல் தள்ளும் காமன் ரெயில் பம்புக்கு டீசலேதான் மசகு. மண்ணெண்ணெய் அந்த வழவழப்பைக் குறைத்துப் பம்பைத் தேய்த்துவிடும். அப்புறம் வரும் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும். ஃபெர்ரோசீன், மாங்கனீஸ் போன்ற உலோகம் கலந்த மருந்துகளையும் தொடாதீர்கள். பிளக்கிலும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் படிந்துவிடும்.

வண்டி நிறைய ஓடியிருக்கிறது, பட்டறை ஸ்கேனரில் வேறு கோளாறு இல்லை, ஆனால் வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும் ஐடிலிங் மட்டும் லேசாகத் தடுமாறுகிறது என்றால் ஒரு பாட்டில் ஊற்றிப் பார்க்கலாம். லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். போன மாசியில் என் பழைய டீசல் வண்டி கருப்புப் புகை தள்ளியது, பிக்கப்பும் இல்லை. சாலையெல்லாம் நெல் காய்ந்துகொண்டிருந்த நேரம். ஃபில்டரைத் திண்ணையில் தட்டினேன். உள்ளங்கை நிறைய தூசியும் நெல் சுணையும் கொட்டியது. புது ஃபில்டர் போட்டதும் புகை அடங்கிவிட்டது. கை அரிப்புதான் ராத்திரி வரை அடங்கவில்லை.