பிளம்ஸ்: எப்போது பறிப்பது, எப்படிப் பழுக்க வைப்பது?

தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் நாங்கள் இருக்கும் வீட்டுக் கொல்லையில் ஒரு சான்டா ரோசா பிளம்ஸ் மரம். குடிவந்த முதல் டிசம்பரில், காய் சிவந்ததும் ஒரு பக்கெட் நிறையப் பறித்து நேரே ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டேன். சில வாரம் கழித்து அறுத்தால் உள்ளே பழுப்பு, வாயில் போட்டால் மாவு. கவாத்து, உரம் எல்லாம் உங்களுக்கே தெரியும். நேரே பறிப்புக்கு வருகிறேன்.

படி 1: சிவப்பை நம்பாதீர்கள். இந்த ரகம் பழுக்கும் முன்பே சிவந்துவிடும். காம்படியில் சிவப்பு ஏறாத இடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் இன்னும் காய்தான். மஞ்சள் தட்டியிருந்தால் நுனியை லேசாக அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கினால் பறிக்கலாம். நம் ஊரில் செங்காய் என்போமே, அந்தப் பதம்.

நான் ஏமாந்தது இங்கேதான். ஊரில் மாங்காயை அரிசிப் பானையில் புதைத்து வளர்ந்தவன். மாங்காயில் இருக்கும் மாவுச்சத்து, பறித்த பிறகும் சர்க்கரையாக மாறும். பிளம்ஸில் அப்படிப்பட்ட கையிருப்பு இல்லை. பறித்த பின் சதை இளகும், புளிப்பு குறையும், வாசம் வரும். இனிப்பு மட்டும் ஏறாது. கொட்டை முற்றும்வரை பருக்காமல் நிற்கும் காய், கடைசிச் சில வாரங்களில்தான் மளமளவென்று பருத்துச் சர்க்கரை சேர்க்கும். அந்த வாரங்களைத் திருடினால் வெம்பல்தான் மிச்சம்.

படி 2: வெயில் ஏறும் முன், காம்போடு பறியுங்கள். மேலே இருக்கும் சாம்பல் பூச்சைத் துடைக்காதீர்கள், கழுவவும் வேண்டாம். எல்லாம் ஒரே நாளில் தயாராகாது. மூன்று நான்கு தடவை மரத்தடிக்குப் போகத்தான் வேண்டும். மௌஸ்பேர்ட் குருவிகள் முந்திக்கொள்ளும், அது வேறு வயிற்றெரிச்சல்.

படி 3: ஒரே அடுக்காக வையுங்கள். பிளாஸ்டிக் கூடையைவிட முட்டை அட்டைக்குத்தான் என் ஓட்டு. ஒன்றோடொன்று இடித்துக் கன்றாது. அவசரமென்றால் காகிதப் பையில் ஒரு பழுத்த வாழைப்பழத்தோடு போட்டு மடியுங்கள்; அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு வேலையைச் செய்யும். 20 முதல் 25 டிகிரியில் இரண்டு மூன்று நாள் போதும்.

படி 4: கனிந்த பிறகே ஃபிரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி வரைதான் பிளம்ஸுக்கு ஆகாத குளிர். வீட்டு ஃபிரிட்ஜ் சரியாக அதன் நடுவில் நிற்கிறது. இந்நாட்டின் கேப் பகுதியிலிருந்து கப்பலேறும் பழங்களை அதற்கும் கீழே, –0.5 டிகிரிவரை குளிர்விப்பது இதனால்தான். கனிந்ததை உள்ளே வைத்தாலும் நாலு நாளில் தின்றுவிடுங்கள்.

பின்சேர்க்கை: கடலோர நகரமான டர்பனிலிருந்து வாசகர் ஒருவர், பைக்குள் பூசணம் பிடித்ததாக எழுதியிருந்தார். அங்கே காற்றில் ஈரம் அதிகம். பையை விட்டுவிட்டுச் செய்தித்தாள் மேல் பரப்புங்கள். கீறல் விழுந்ததைத் தனியே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வெம்பலாகப் பறித்துவிட்டீர்களா? வெல்லம், மிளகாய்த்தூள், வறுத்த வெந்தயம் போட்டுத் தொக்கு கிண்டுங்கள். அதற்கு அந்தப் புளிப்புதான் வேண்டும்.