லெட் செப்பலினின் கச்சேரி ஆல்பம்: கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

மேடையில் வாசித்ததைப் படமாக எடுத்து, அதன் பாடல்களைத் தனி ஆல்பமாகவும் விற்பது ராக் உலகில் பழைய வழக்கம். அப்படி வந்தவற்றில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் ‘தி சாங் ரிமைன்ஸ் தி சேம்’ என்பேன். படமும் இரட்டை எல்பி தட்டும் 1976-இல் வெளியாயின.

பலரும் இதை ஓர் இரவின் கச்சேரி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் இது நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 1973 ஜூலை 27, 28, 29 ஆகிய மூன்று இரவுகளில் பதிவானது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் கடைசி நிறுத்தம் அது. மூன்று இரவுகளின் டேப்களிலிருந்து பொறுக்கி, வெட்டி, ஒட்டி, ஒரே கச்சேரி போலக் கோத்திருக்கிறார்கள். அதனால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது கேட்கும் கைதட்டலை வைத்து, “அன்றைக்குக் கூட்டம் இப்படி இருந்தது” என்று முடிவு கட்ட வேண்டாம்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. கச்சேரி ஆல்பங்கள் பலவும் இப்படித்தான் உருவாகின்றன. 1969-இல் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவின் பெயரில் 1970-இல் வந்த மூன்று தட்டுத் தொகுப்பிலேயே ‘சீ ஆஃப் மேட்னஸ்’ என்ற பாட்டு வுட்ஸ்டாக்கில் பதிவானது அல்ல. நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பாடியது.

படத்தின் கதை இன்னும் சிக்கல். முதலில் இயக்கிய ஜோ மசோட் எடுத்த காட்சிகளில் பல இடங்களில் ஓட்டை. பாட்டு இருக்கும், அதற்குரிய படம் இருக்காது. அவரை விலக்கிவிட்டுப் பீட்டர் கிளிஃப்டனைக் கொண்டுவந்தார்கள். 1974-இல் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் அதே மாதிரி மேடை போட்டு, நியூயார்க் டேப்பை ஓடவிட்டு, அதற்கேற்ப வாசிப்பதுபோல் நடித்தார்கள். இதற்குள் பேஸ் கிதார் வாசிக்கும் ஜான் பால் ஜோன்ஸ் முடியை வெட்டியிருந்தார். விக் வைத்துக்கொண்டு நின்றார். ஆகவே கிதாரில் விரல் போகும் இடத்தையும் காதில் விழும் சுரத்தையும் பொருத்திப் பார்த்து வாசிக்கக் கற்றுக்கொள்பவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கண்ணில் படும் வாசிப்பு சில இடங்களில் வெறும் பாவனை.

அடுத்தது, ஆல்பத்தைப் படத்தின் ஒலித்தடம் என்றே எடுத்துக்கொள்வது. நம் ஊர்ப் படப்பாடல் தட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வரும் எண்ணம். ஆனால் இங்கே இரண்டும் ஒன்றல்ல. ‘செலிப்ரேஷன் டே’ தட்டில் உண்டு, 1976 படத்தில் கிடையாது. ‘பிளாக் டாக்’, ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’ இரண்டும் படத்தில் உண்டு, அன்றைய தட்டில் கிடையாது. பொதுவாக உள்ள பாட்டுகளிலும் வெட்டும் ஒலிக்கலவையும் வேறுபடுகின்றன. படம் பார்த்துப் பிடித்துப்போன ஒரு கிதார் துணுக்கைத் தட்டில் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு ஆண்டைத் தவறாகப் படிப்பதுதான். அட்டையில் 1976 என்று பார்த்து, “அந்த வருடத்து லெட் செப்பலின் இப்படித்தான் வாசித்தார்கள்” என்று நினைப்பது. அந்த வருடம் அவர்கள் சுற்றுப்பயணமே போகவில்லை. 1975 ஆகஸ்டில் கிரேக்கத் தீவான ரோட்ஸில் நடந்த கார் விபத்தில் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் பலத்த காயமடைந்தார், மேடை நின்றுபோனது. ரசிகர்கள் மேடைக்காக ஏங்கியிருந்த அந்த இடைவெளியில்தான் மூன்று வருடப் பழைய சரக்கு கடைக்கு வந்தது. பாட்டுப் பட்டியலைப் பாருங்கள்: அவர்களின் 1975 ஆல்பமான ‘பிசிக்கல் கிராஃபிட்டி’யிலிருந்து ஒன்றுகூட இல்லை, 1976 மார்ச்சில் வந்த ‘பிரெசென்ஸி’லிருந்தும் இல்லை. 1973-இல் புதிதாக இருந்த ‘ஹவுசஸ் ஆஃப் தி ஹோலி’யிலிருந்து மட்டும் மூன்று பாட்டுகள். தட்டு வெளியானபோது சில விமர்சகர்கள் இதைக் கடுமையாகச் சாடினார்கள். பழைய குரலைப் புதிய அட்டையில் கேட்ட எரிச்சலுக்கும் அதில் பங்கிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

‘டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதும், ஏறக்குறைய 27 நிமிடம், இந்த ஒரே பாட்டு. நடுவில் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் வயலின் வில்லால் கிதார் கம்பிகளை இழுக்கும் பகுதி வரும். படத்தில் அந்த இடத்தில் அவர் இருட்டில் மலையேறும் கற்பனைக் காட்சி ஓடுவதால் நேரம் தெரியாது. வெறும் ஒலியாகக் கேட்டால் சிலருக்கு அலுப்பு வரும். சமையலறையில் பின்னணியில் ஓடவிட்டு “இழுவை” என்று ஒதுக்குபவர்கள் பலர். ஹெட்போன் மாட்டி, விளக்கணைத்து, ஜான் போனமின் டிரம்ஸ் பேஜைத் தொடர்ந்துகொண்டே இருப்பதைக் கவனித்தால் அது வேறு அனுபவம். அப்படியும் பிடிக்கவில்லையா, சரி, தாண்டிப் போங்கள். குற்றமில்லை.

மேடையில் இவர்கள் எப்படி என்று தீர்ப்பெழுத இந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதும் நியாயமில்லை. போனம் உயிரோடு இருந்த காலத்தில் அதிகாரபூர்வமாக வந்த ஒரே மேடை ஆல்பம் இதுதான் என்பதால் அந்தப் பாரம் இதன் தலையில் விழுந்துவிட்டது. 2003-இல் வெளியான ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் வொன்’ 1972 ஜூனில் கலிபோர்னியாவில் பதிவானது. பிளான்டின் குரல் அதில் இன்னும் தெம்பாக இருக்கிறது. அப்புறம், அதுவும் இரண்டு இரவுகளைக் கோத்ததுதான்!

வாங்கும்போது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். பழைய தட்டில் ஒன்பது பாட்டுகள். 2007-இல் மறுகலவை செய்த பதிப்பில் ஆறு பாட்டுகள் கூடுதல். ‘பிளாக் டாக்’ அதில் சேர்ந்துவிட்டது. ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பதும் பெரும்பாலும் இந்தப் புதிய கலவைதான். எழுபதுகளில் வீட்டில் ஓடிய அதே ஒலி வேண்டும் என்றால் பழைய எல்பியையோ 2007-க்கு முந்தைய சிடியையோதான் தேட வேண்டும்.