நன்றிக் குறிப்பேடு: எவ்வளவு எழுதுவது, எப்படி எழுதுவது

நமக்குக் கிடைத்த நல்லவற்றை நினைத்து எழுதி வைக்கும் நோட்டுதான் நன்றிக் குறிப்பேடு. அதில் "வீடு, குடும்பம், உடல்நலம்" என்று தினமும் மூன்று சொல் எழுதி வைப்பவர்கள் நிறைய. அப்படித் தொடங்கும் நோட்டுகள் சீக்கிரமே நின்றுபோகின்றன. எழுதப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, எழுதியதைத் திருப்பிப் படித்தாலும் மனதில் எதுவும் அசைவதில்லை. குறைவாக எழுத வேண்டும், விவரமாக எழுத வேண்டும், அந்த நல்லது யாரால், எப்படி நடந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இந்தப் பழக்கம் பலன் தருவதும் தராததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

நோட்டும் நேரமும்

கோடு போட்ட எந்த நோட்டும் போதும். முதல் வாரம் தினமும், அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று வைத்தால் ஆண்டுக்கு 109 பக்கம் ஆகும். 120 பக்க நோட்டு ஒன்று ஓராண்டுக்கு வரும். தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். எழுதாத நாட்களின் வெற்றுப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்வு வரும், அதுவே நோட்டை மூடி வைக்கக் காரணமாகிவிடும். விலையுயர்ந்த நோட்டும் தேவையில்லை. அழகாக எழுத வேண்டுமே என்ற கவலையில் உள்ளதை எழுத வராது. இடப்பக்க மார்ஜினில் சம்பந்தப்பட்டவரின் பெயரை மட்டும் எழுதுங்கள். கடைசி நான்கு பக்கங்களைப் பெயர்ப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். அது எதற்கு என்பது பின்னால் வரும்.

செல்போனிலும் எழுதலாம். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாட்ஸ்அப் சத்தம் வரும், கை அங்கே போகும். போனில்தான் எழுதுவீர்கள் என்றால் அந்தப் பதினைந்து நிமிடம் நெட்டை அணைத்துவிடுங்கள். பார்வை குறைந்தவர்களும் எழுதிப் பழக்கமில்லாதவர்களும் குரல் பதிவாக வைத்துக்கொள்ளலாம்.

இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் முன் எழுதுவது பலருக்கும் ஒத்துவரும். இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் வேலை முடிந்து தூங்கப் போகும் முன் எழுதட்டும். கண் சொக்கும் வரை தள்ளிப்போட்டால் மறுபடியும் மூன்று சொல் பட்டியல்தான் வரும்.

தினமும் எழுத வேண்டுமா?

தேவையில்லை. உளவியலாளர் சோன்யா லியூபோமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரம் நடத்திய சோதனையில் ஒரு பிரிவினர் வாரத்துக்கு ஒரு முறையும் இன்னொரு பிரிவினர் வாரத்துக்கு மூன்று முறையும் எழுதினார்கள். மனநிறைவு கூடியது வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான். அடிக்கடி எழுதும்போது அது கடமையாகி உணர்வு மழுங்கிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். இன்னொரு பக்கம், உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் அன்று நடந்த மூன்று நல்லவற்றை, ஏன் நடந்தன என்ற காரணத்தோடு எழுதச் சொன்னார்கள். அதன் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது. தாங்களாகவே தொடர்ந்து எழுதியவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தே முதல் வாரம் தினமும் என்று சொன்னோம். கை பழகிய பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் போதும். ஞாயிறும் புதனும் வைத்துக்கொள்ளலாம்.

விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து மறுநாள் இரண்டு பக்கம் எழுத உட்காராதீர்கள். போனது போகட்டும், அடுத்த முறை அன்றைய தேதியைப் போட்டு எழுதுங்கள்.

ஒரு குறிப்பை எழுதும் விதம்

ஒரு நாளைக்கு அதிகபட்சம் மூன்று குறிப்பு, ஒவ்வொன்றும் நான்கைந்து வரி. ஒன்றே ஒன்று எழுதி, அது பக்கம் முழுக்க நிறைந்தால் இன்னும் நல்லது. எண்ணிக்கையைக் கூட்டுவது எதிர்விளைவைத் தரும். நார்பர்ட் ஷ்வார்ட்ஸ் குழுவினரின் 1991ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று இதைப் புரிந்துகொள்ள உதவும். தாங்கள் துணிந்து பேசிய தருணங்களில் ஆறை நினைவுகூர்ந்தவர்களைவிட, பன்னிரண்டை நினைவுகூர வேண்டியிருந்தவர்கள் தங்களைத் துணிவு குறைந்தவர்களாக மதிப்பிட்டார்கள். நினைவில் கொண்டுவரக் கஷ்டப்பட்டதால், தங்களிடம் அது அதிகம் இல்லை என்று முடிவுகட்டினார்கள். தினமும் பத்து நன்மைகளைத் தேடித் திணறுபவருக்கும் தன் வாழ்க்கையில் அவ்வளவாக நல்லது இல்லையோ என்றே தோன்றும்.

குறிப்பில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும்: என்ன நடந்தது, அதனால் உங்களுக்கு என்ன பயன், செய்தவருக்கு என்ன சிரமம், அவர் அதை ஏன் செய்தார். கடைசி மூன்றும் சும்மா சேர்த்தவை அல்ல. கிடைத்த பயன், கொடுத்தவர் பட்ட பாடு, அவருடைய எண்ணம் ஆகிய மூன்றையும் பொறுத்தே நன்றியுணர்வு கூடுகிறது, குறைகிறது என்பதை ஆபிரகாம் டெஸ்ஸர் குழுவினர் 1968லேயே காட்டினார்கள்.

"நல்ல அக்கம்பக்கத்தார் அமைந்ததற்கு நன்றி" என்பது வெறும் பட்டியல் வரி. அதையே இப்படி எழுதலாம்:

"சாயங்காலம் திடீர் மழை. ஆபீசிலிருந்து வர ஏழரை ஆகிவிட்டது. மாடியில் காயப்போட்ட துணியை கீழ்வீட்டு அக்கா எடுத்து, மடித்து, வாசல் நாற்காலியில் வைத்திருந்தார். நாளைக்குப் பிள்ளைகளின் யூனிபார்ம் அதில்தான் இருந்தது. அவருக்கு முழங்கால் வலி, இரண்டு மாடி ஏறியிருக்கிறார். நான் போன் செய்து கேட்கக்கூட இல்லை."

நன்றி என்ற சொல்லே இதில் இல்லை, தேவையும் இல்லை. முழங்கால் வலியை எழுதும் இடத்தில்தான் மனம் இளகுகிறது.

வாரத்தில் ஒரு குறிப்பை வேறு விதமாக எழுதிப் பாருங்கள். ஒரு நல்லதை எடுத்துக்கொண்டு, அது எப்படியெல்லாம் நடக்காமல் போயிருக்கக்கூடும் என்று எழுதுங்கள். அன்றைக்கு அந்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் அந்த நண்பரைச் சந்தித்தே இருக்க மாட்டோம் என்கிற மாதிரி. 2008இல் மின்கியுங் கூ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், துணையைச் சந்திக்காமலேயே போயிருக்கக்கூடிய விதங்களை எழுதியவர்கள், எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட அந்த உறவில் கூடுதல் நிறைவை உணர்ந்தார்கள். நோட்டில் ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வந்து சலிக்கும் காலத்தில் இதுதான் நல்ல மருந்து.

ஒன்றும் தோன்றவில்லை என்றால் "எதற்கு நன்றி சொல்வது" என்று யோசிக்காதீர்கள். அந்த நாளை மணிவாரியாக நடந்து பாருங்கள்: காலையில் தண்ணீர் யார் பிடித்தது, எந்த ஆட்டோ, மதியம் யாருடன் சாப்பாடு. போனில் அன்றைய அழைப்புப் பட்டியலையும் ஜிபே கணக்கையும் ஒரு முறை புரட்டினாலே இரண்டு மூன்று முகங்கள் நினைவுக்கு வரும்.

எங்கே தவறுகிறது

"அவனுக்கு வேலையே இல்லை, நமக்காவது இருக்கிறது" என்று எழுதுவது நன்றி அல்ல, ஒப்பீடு. அது அடுத்தவர் கஷ்டத்தின் மேல் நிற்கிறது. நாளைக்கு நம்மைவிட வசதியானவரைப் பார்த்ததும் அதே கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும். இப்படி ஒரு வரி வந்துவிட்டால் அடித்துவிட்டு, அந்த வேலை கிடைக்க யார் வழி காட்டினார் என்று எழுதுங்கள்.

கடன்பட்ட உணர்வையும் நன்றியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திருப்பிச் செய்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு வரும் உதவியில் கடன்பாடு கூடும், நன்றி குறையும். சொந்தக்காரர் ஒருவர் செய்த உதவியை எழுதும்போது நெஞ்சு இறுகினால், அது எந்த வகை என்று நோட்டிலேயே நேர்மையாக எழுதிவிடுங்கள். கட்டாயப்படுத்தி நன்றியாக மாற்ற வேண்டாம். அதேபோல அடிக்கும், அவமதிக்கும் ஒருவரின் "நல்ல பக்கத்தை"த் தேடி எழுதுவது ஆபத்து. பொறுத்துக்கொண்டு போவதற்கான பயிற்சி அல்ல இது.

துக்கமான நாளில் முதலில் துக்கத்தை எழுதுங்கள், எத்தனை பக்கம் ஆனாலும் சரி. அதன் பிறகு ஏதாவது தோன்றினால் எழுதலாம், தோன்றாவிட்டால் மூடி வைத்துவிடலாம். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இந்தப் பழக்கத்தின் பங்கு சிறியது என்பதே பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிவது. வாரக்கணக்கில் தூக்கம், பசி, எதிலும் நாட்டம் இல்லாமல் இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

வீட்டில் மற்றவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தால் எழுத்து பொய்யாகிவிடும். பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள். படிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுவதும் தவறில்லை.

பெயர்ப் பட்டியலின் வேலை

மாதம் ஒரு முறை, அந்த மாதப் பக்கங்களைப் படித்து, மார்ஜினில் உள்ள பெயர்களைக் கடைசிப் பக்கங்களில் எழுதி, எத்தனை முறை வந்தன என்று குறியுங்கள். யாரிடம் நேரில் சொல்லியாயிற்றோ அவர் பெயருக்கு எதிரே ஒரு டிக். பலமுறை வந்தும் டிக் விழாத பெயர் ஒன்று கட்டாயம் இருக்கும். அநேகமாக அது வீட்டுக்குள்ளேயே இருப்பவர் பெயராக இருக்கும்.

அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், ஏறக்குறைய 300 சொல். அவர் செய்தது என்ன, எப்போது, அதனால் இன்று உங்கள் வாழ்க்கையில் என்ன இருக்கிறது என்பது போதும். நோட்டிலேயே பாதி எழுதியாகியிருக்கும். செலிக்மன் ஆய்வில் கடிதத்தை நேரில் கொடுத்தவர்களுக்கு மகிழ்ச்சி சட்டென்று பெரிதாகக் கூடியது, ஒரு மாதம் வரை நீடித்தது, மூன்று மாதத்தில் அடங்கியது. அதனால் ஆண்டுக்கு மூன்று நான்கு கடிதங்கள் எழுதுவது நல்லது. கூச்சம் தடுக்கும். 2018இல் அமித் குமாரும் நிக்கோலஸ் எப்லியும் ஆராய்ந்ததில், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் நினைத்ததைவிடச் சங்கடம் குறைவாகவும், மகிழ்ச்சி மிகக் கூடுதலாகவும் இருந்தது. என்ன விஷயம் என்று முன்கூட்டியே சொல்லாமல் போய், உட்கார்ந்து, வாசித்துக் காட்டுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் வீடியோ அழைப்பில் வாசித்துவிட்டு, தாளைத் தபாலில் அனுப்புங்கள்.