டெலோஸ் தீவில் அரை நாள்: சிறு கப்பல் பயணிகள் செய்யும் தவறுகள்

சிறு கப்பலில் கிரேக்கத் தீவுகளைச் சுற்றுபவர்களுக்கு டெலோஸில் பெரும்பாலும் அரை நாள்தான் கிடைக்கும். பக்கத்துத் தீவான மிகோனோஸிலிருந்து படகில் சுமார் அரை மணி நேரம். இரவு தங்க அனுமதி இல்லை. அப்போலோ கடவுள் பிறந்த தீவென்று கிரேக்கர்கள் கொண்டாடிய இடத்தைப் பலர் பாதிகூடப் பார்க்காமல் திரும்புவதற்குக் காரணம் நேரக்குறைவு அல்ல, நடக்கும் வரிசை.

இறங்கியதும் கூட்டம் இடப்பக்கம், கோயில்களையும் சிங்கச் சிலைகளையும் நோக்கிப் போகும். அதைப் பார்த்து முடிக்கையில் உச்சிவெயில் வந்துவிடும். கிந்தோஸ் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மலையின் உயரம் 112 மீட்டர்தான், ஆனால் கற்படிகளில் நிழலே கிடையாது. காலைப் படகில் வந்தால் முதலில் மலை ஏறுங்கள். இறங்கும் வழியில் நாடக அரங்கமும் பழைய வீடுகளும் வரும். சிங்கங்கள் கடைசியில் போதும். வெளியே வரிசையாக நிற்பவை நகல்கள். கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் அசல் சிங்கங்கள் அருங்காட்சியகத்துக்குள் இருக்கின்றன. அது திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே கப்பலில் கேட்டுவிடுங்கள்.

அரங்கத்தை ஒட்டிய வீடுகளை அவசரமாகக் கடப்பதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது. டயோனைசஸ் வீடு எனப்படும் வீட்டின் தரையில், காட்டு விலங்கின் மேல் அமர்ந்த அந்தக் கடவுளின் உருவத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: நெல்மணியைவிடச் சிறிய கற்துண்டுகளை அடுக்கியே நிழலும் தசையும் காட்டியிருக்கிறார்கள். பல வீடுகளில் முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி உண்டு. அரங்கத்தின் அருகிலேயே கல் வளைவுகள் தாங்கிய பெரிய தொட்டியும் இருக்கிறது. தண்ணீர் அரிதான தீவில் ஒரு பெரிய வணிக நகரம் பிழைத்த விதம் இதுதான்.

உங்களுக்கும் அங்கே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கோடையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டராவது கொண்டு போங்கள். தாடைக் கயிறு இல்லாத தொப்பி மலையுச்சியில் நிற்காது. செருப்பு வேண்டாம், தேய்ந்த பளிங்கு வழுக்கும். காலடியில் கிடக்கும் பானை ஓட்டைப் பையில் போட்டுக்கொள்வது சட்டப்படி குற்றம்.

கப்பலிலிருந்து சிறு படகுக்கு மாறும்போதுதான் அடிபடுகிறது. கைபேசியும் தண்ணீர்ப் புட்டியும் பைக்குள் போகட்டும், இரு கைகளும் காலியாக இருக்கட்டும். மாலுமியின் விரல்களைப் பிடிக்காதீர்கள். நீங்கள் அவர் முன்கையையும் அவர் உங்கள் முன்கையையும் பற்ற வேண்டும். ஈரக்கை நழுவினாலும் மணிக்கட்டில் பிடி நிற்கும். அலையில் படகு மேலே வரும் கணத்தில், அவர் சொன்ன பிறகு, காலை வையுங்கள். குதிக்கவே கூடாது.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் வீசும். பெரும்பாலும் பிற்பகலில் வலுக்கும். அதனால் டெலோஸைப் பயணத்தின் கடைசி நாளுக்கு ஒதுக்கும் திட்டத்தைத் தவிர்க்கலாம். காற்றினால் இறங்க முடியாமல் போனால் மறுநாள் முயல வழி இருக்காது. கடற்பயண வாந்திக்கான மாத்திரையைத் தலைசுற்றல் வந்தபின் விழுங்கிப் பயனில்லை. படகேறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.