முதுகுவலியோடு கால் மரத்துப்போனால்: காரணத்தைக் கண்டறிய உதவும் வழிமுறை

இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருப்பவர்கள் முதுகு வலித்துக் கால் மரத்துப்போனதும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவே முதலில் ஓடுகிறார்கள். அதற்கு முன், மரத்த பகுதியின் எல்லையை விரலால் தொட்டுப் பார்த்து ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எந்த நரம்பு நசுங்குகிறது என்பதை அந்த இடமே பெருமளவு காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு நிலையில் மட்டும் தாளைத் தேட வேண்டாம். ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்து, சிறுநீர் கழிக்க முடியாமலோ கட்டுப்பாடின்றிக் கசிந்தோ இருந்தால், முதுகுத்தண்டின் அடிநரம்புகள் கொத்தாக நசுங்குகின்றன என்று கருதி, அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கூச்சப்பட்டு இதை மறைப்பவர்களுக்குப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

மற்றபடி, வலி பிட்டம் வழியாகக் காலுக்கு இறங்கி, பாதத்தின் மேற்புறமும் கட்டைவிரலும் மரத்தால், இடுப்பின் நான்காம், ஐந்தாம் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கலாம். சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரத்தால், அதற்குக் கீழுள்ள டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டும். குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்தடியும், பிறகு முன்பாதத்தை மட்டும் ஊன்றிப் பத்தடியும் நடந்து பாருங்கள். முன்பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ, குதிகாலை உயர்த்த முடியாவிட்டாலோ, தசையும் பலவீனமடைந்துவிட்டது என்று பொருள். அப்போது தாமதிக்கக் கூடாது. பலவீனம் இல்லாத பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் அறுவை சிகிச்சையின்றியே வலி தணிகிறது. ஓரிரு நாளுக்கு மேல் படுத்தே கிடப்பது உதவுவதில்லை.

முதுகோடு தொடர்பற்ற மரப்பும் உண்டு. தொடையின் வெளிப்புறம் மட்டும் எரிச்சலோடு மரத்தால் இறுக்கமான பெல்ட்டோ ஜீன்ஸோ காரணமாகலாம். இரு பாதங்களும் ஒரே மாதிரி மரத்தால் சர்க்கரை அளவையும் வைட்டமின் பி12 அளவையும் பரிசோதிக்க வேண்டும்.

இளவயதில் அதிகம் தவறவிடப்படுவது முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 45 வயதுக்குள் தொடங்கி மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலி, பின்னிரவில் எழுப்பிவிட்டு, காலையில் அரை மணிக்கு மேல் முதுகை விறைப்பாக வைத்து, ஓய்வில் கூடி, நடமாடினால் குறைகிறதென்றால், அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் எனப்படும் இந்த அழற்சியாக இருக்கலாம். இதில் மரப்பு பெரும்பாலும் இராது என்பதாலேயே பலர் ‘உட்கார்ந்து வேலை பார்ப்பதால் வந்த வலி’ என்று ஆண்டுக்கணக்கில் தைலம் தேய்த்துக் காலம் கடத்துகிறார்கள். இவர்கள் மூட்டு வாதநோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயையும் நினைவில் கொள்ள வேண்டும்.

வலியே இல்லாத இளைஞர்களின் ஸ்கேனிலும் டிஸ்க் பிதுக்கம் தென்படுவது சாதாரணம். ஆகவே ஸ்கேன் எடுத்திருந்தாலும், நீங்கள் வரைந்த தாளையும் மருத்துவரிடம் காட்டி, அறிக்கையில் உள்ள பிதுக்கம் மரத்த இடத்தோடு பொருந்துகிறதா என்று கேளுங்கள்.