சென்னை வெயிலிலும் குழையாத சாக்லேட் பிஸ்கட் வில்லை

சித்தியின் குறிப்பில் ஓவன் வேலையே இல்லை. சர்க்கரை, பால், வெண்ணெய், கோகோவைக் கொதிக்கவிட்டு, உடைத்த மாரி பிஸ்கட் கலந்து தட்டில் பரப்பி வில்லை போட வேண்டியதுதான். ஊட்டியில் அவர் வீட்டில் கல் மாதிரி நின்றது, சென்னையில் மே மாதம் பிரிட்ஜிலிருந்து எடுத்ததுமே குழைந்தது. வெண்ணெய் சுமார் 35 டிகிரியில் உருகிவிடும். இங்கே வெயில் 40-ஐத் தொடும்.

சரி, குளிரை விட்டுவிட்டுச் சர்க்கரைப் பாகின் பதத்தை நம்பினேன். கொதி வந்ததும் இறக்காமல், அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே இருந்தேன். குமிழ்கள் கனத்து மெதுவாக வெடிக்க ஆரம்பிக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் விரலில் மெத்தென்று உருள வேண்டும், சுமார் 115 டிகிரி. வெண்ணெயையும் பாதியாக்கினேன். இப்போது மேசையிலேயே நிற்கிறது!

பிஸ்கட்டைப் பொடியாக்காதீர்கள், சுண்டல் கடலை அளவில் இருந்தால்தான் கடிக்க நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், இறுக்கமான டப்பா அவசியம்.